பழைய பெல்ஜியக் கறுப்பு ஏல்: பாட்டிலுக்குள் நடப்பது என்ன, சுவைப்பது எப்படி

பீரைப் புதுசாக இருக்கும்போதே குடித்துவிட வேண்டும் என்பது பொதுவிதி. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பீர் வகையான லாகர் சில மாதங்களில் சோர்ந்துவிடும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூவின் மணத்துக்காகவே வாங்கும் ஐபிஏ என்ற வகை அதற்கும் முன்பே களையிழக்கும். இந்த விதிக்குள் அடங்காத சிறு கூட்டம் ஒன்று உண்டு. அதில் முன்வரிசையில் நிற்பவை பெல்ஜியத்தின் வலுவான கறுப்பு ஏல்கள் (ஏல் என்பது லாகரைவிட வெதுவெதுப்பான சூட்டில் நொதிக்கவிடும் பீர்). ஷிமே நீலம், ரோஷ்ஃபோர் 10, வெஸ்ட்வ்லெட்டரன் 12, சின்ட் பெர்னார்டஸ் ஆப்ட் 12 போன்றவற்றை வாங்கி, இருட்டான குளிர்ந்த இடத்தில் இரண்டு, மூன்று, ஐந்து ஆண்டுகள் வைத்திருந்து குடிப்பவர்கள் நிறையப் பேர். ஆண்ட்வெர்ப் நகரின் குல்மினேட்டர் என்ற மதுக்கடை பேர் வாங்கியதே பழைய ஆண்டு பாட்டில்களின் நீண்ட பட்டியலால்தான்.

அப்படி ஒரு பாட்டிலை முதல் தடவை திறப்பவருக்கு வரும் சந்தேகம், இது பதமாகப் பழசானதா, கெட்டுப்போனதா என்பது. இரண்டுக்கும் அடிப்படை ஒரே வேதிமாற்றங்கள்தான், அளவில்தான் வித்தியாசம். அதனால் பழைய பீரை மட்டும் தனியே குடித்து எதையும் சொல்லிவிட முடியாது. அதே பீரின் புதுப் பாட்டில் பக்கத்தில் இருந்தால்தான், எது போயிற்று, எது வந்தது என்று தெரியும்.

எந்த ஏல், ஏன் இது மட்டும்

இங்கே பேசுவது இரண்டு வகைகளைப் பற்றி. ஆல்கஹால் 6 முதல் 8 சதவீதம் வரை உள்ள டுபல் ஒன்று. வெஸ்ட்மாலே டுபல், 7 சதவீதம், இதற்கு நல்ல மாதிரி. மற்றொன்று 8 முதல் 12 சதவீதம் வரை போகும் வலுவான கறுப்பு ஏல். இதைத்தான் பலர் குவாட்ருபல் என்கிறார்கள். அந்தப் பெயரை 1991-ல் முதலில் லேபிளில் போட்டது பெல்ஜியத்தில் இல்லை, எல்லை தாண்டி நெதர்லாந்தில் லா ட்ராப் என்ற பெயரில் பீர் காய்ச்சும் கிறிஸ்தவத் துறவிகளின் கோனிங்ஸ்ஹூவன் மடம். பீர் காய்ச்சும் பெல்ஜிய மடங்கள் அந்தச் சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எண்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். ரோஷ்ஃபோர் 6, 8, 10 என்பவை ஆல்கஹால் சதவீதமும் இல்லை, வயதும் இல்லை. நொதிக்கும் முன் சாற்றின் அடர்த்தியை அளந்த பழைய பெல்ஜிய அளவுமுறையிலிருந்து வந்த எண்கள் அவை. ரோஷ்ஃபோர் 6-ல் ஆல்கஹால் 7.5 சதவீதம், 8-ல் 9.2, 10-ல் 11.3. வெஸ்ட்வ்லெட்டரன் 12-ல் இருப்பது 10.2 சதவீதம்தான்.

கறுப்பு என்று சொன்னாலும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் செம்பழுப்பாகத் தெரியும். ஸ்டவுட் என்ற கறுப்பு பீரைப் போல, கருக வறுத்த மால்ட்டால் (முளைகட்டி உலர்த்திய தானியம்) வரும் கருமை இல்லை இது. பீட்ரூட் இனத்துச் சர்க்கரைக் கிழங்கிலிருந்து எடுத்த சர்க்கரையைக் காய்ச்சிக் கருக்கிய பாகுதான் பெரும்பாலும் நிறத்தையும், உலர்திராட்சை, பேரீச்சை, கருப்பட்டிச் சாயலையும் தருகிறது. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் கிட்டத்தட்ட முழுவதும் தின்றுவிடுவதால், இவ்வளவு வலுவான பீர் நாக்கில் ஒட்டாமல் இறங்குகிறது.

இவை ஏன் தாங்குகின்றன? ஆல்கஹால் அதிகம், ஆகவே பாக்டீரியாவுக்கு இடம் குறைவு. ஹாப் கசப்பு, ஐபியு என்ற கசப்பு அளவையில், பொதுவாக 20 முதல் 35-க்குள்தான்; ஹாப் மங்கினாலும் பெரிதாக எதையும் இழந்துவிடுவதில்லை. கருநிறப் பாகும் மால்ட்டும் தரும் மெலனாய்டின்கள் என்ற பழுப்பு நிறப் பொருள்கள் ஆக்சிஜனின் தாக்குதலை ஓரளவு மட்டுப்படுத்துகின்றன. இவை எல்லாவற்றையும்விட முக்கியம் பாட்டிலுக்குள் உயிரோடு இருக்கும் ஈஸ்ட். அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் புது ஈஸ்ட்டும் சேர்த்து, 20 டிகிரிக்குச் சற்று மேலான வெதுவெதுப்பான அறையில் சுமார் இரண்டு வாரம் வைப்பார்கள். பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதித்து வாயு உருவாகும். அந்தச் சமயத்தில், அடைக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட ஆக்சிஜனையும் ஈஸ்ட் எடுத்துக்கொள்கிறது. வடிகட்டி, சூடேற்றி அடைத்த பீருக்கு இந்தக் காவல் கிடையாது. அதனால் லேபிளில் மடத்துப் படம் இருக்கிறது என்பதை நம்பி வாங்கி வைக்க வேண்டாம். பாட்டிலில் மறுநொதித்தல் நடந்தது என்ற குறிப்பு இருக்கிறதா, அடியில் மண்டி தெரிகிறதா என்று பாருங்கள்.

ஆண்டுகள் போகப் போக

புதுப் பாட்டிலில் முதலில் மூக்கில் ஏறுவது ஈஸ்ட் தரும் மணங்கள்: வாழைப்பழம், கொஞ்சம் பேரிக்காய், கிராம்பு, மிளகு. கூடவே ஆல்கஹாலின் சூடு. நாக்கில் வாயு பொடிப்பொடியாகக் குத்தும்.

முதல் ஓராண்டிலேயே வாழைப்பழம் இறங்க ஆரம்பிக்கும். அந்த மணத்தைத் தரும் எஸ்டர் மெல்லச் சிதைகிறது. மடிந்த ஈஸ்ட் வெளியேற்றும் நொதிகள் அதை இன்னும் வேகப்படுத்துகின்றன. கிராம்பின் கதை சுவாரசியமானது. அந்த மணத்துக்குக் காரணமான 4-வினைல்குவாயகால் என்ற பொருளும் குறைகிறது, ஆனால் அதில் ஒரு பகுதி வனிலினாக மாறுகிறது. மூன்றாண்டுப் பாட்டிலில் ‘யாரும் வனிலா போடவில்லையே, எங்கிருந்து வந்தது?’ என்று தோன்றினால் காரணம் இதுதான். மரப்பீப்பாய் பக்கமே போகாத பீரிலும் இது வரும்.

கசப்பும் தணிகிறது. ஆல்கஹாலின் அளவு அப்படியே இருந்தாலும் அதன் முரட்டுத்தனம் மற்ற சுவைகளோடு கலந்து அடங்கினாற்போல் இருக்கும்.

அடுத்து ஆக்சிஜனின் வேலை. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், மிகச் சிறிய அளவில் காற்று உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். வெளிர் பீரில் அது அட்டைப்பெட்டி வாடையைக் கொண்டுவரும். கறுப்பு ஏலில் அதே ஆக்சிஜன் ஷெர்ரி, போர்ட் என்ற வலுவூட்டிய ஒயின்கள், ஊறிய பேரீச்சை, பாதாம், தேன் என்று திரும்புகிறது. இந்த இடத்தில் தமிழ்ச் சமையலறையில் பழகிய மூக்குக்கு ஒரு வசதி உண்டு. பழைய ஷெர்ரியிலும் மடெய்ரா ஒயினிலும் பழைய ஏலிலும் வரும் சோட்டோலான் என்ற பொருள்தான் வெந்தயத்தின் மணத்துக்கும் முக்கியக் காரணம். மேல்நாட்டுச் சுவைக்குறிப்புகளில் மேப்பிள் பாகு என்றும் கறிப்பொடி என்றும் எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். வாணலியில் வெந்தயம் லேசாகச் சிவக்கும்போது எழும் வாசனையை நினைவில் வைத்துக்கொண்டு கிளாஸை முகர்ந்தால், ஐந்தாறு ஆண்டுப் பாட்டிலில் அதைச் சட்டென்று பிடித்துவிடலாம். மெலிதாக இருந்தால் அழகு. மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு அது மட்டும் நின்றால் பாட்டில் தன் நாளைத் தாண்டிவிட்டது.

கடைசியாக ஈஸ்ட்டின் சாவு. செத்த அணுக்கள் உடைந்து உள்ளிருப்பதை வெளியே விடும்போது சோயா சாஸ், இறைச்சிச் சாறு போன்ற உப்புக் கலந்த சாயல் வரும். நுரையைத் தாங்கும் புரதங்களையும் அதே நொதிகள் அரித்துவிடுவதால் நுரை மெலிந்துபோகும்.

இது எத்தனை ஆண்டில் நடக்கும் என்று ஒரே கணக்காகச் சொல்ல முடியாது. 12 டிகிரி நிலவறையில் வைத்தால், 7 சதவீத டுபல் ஓரிரு ஆண்டில் உச்சத்தைத் தொட்டுவிடும். 9 முதல் 11 சதவீத ஏல் இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் மிக நன்றாக இருக்கும். பத்தாண்டு தாண்டிய பாட்டில்கள் அதிசயமாக இருந்ததாகச் சொல்வோர் உண்டு. ஆனால் அந்த வயதில் ஒரே பெட்டியில் இருந்து எடுத்த இரண்டு பாட்டில்களே இரண்டு விதமாக இருக்கும். அதிக வயதுக்காக அதிக விலை கொடுப்பது பெரும்பாலும் வீண்.

வைக்கும் விதம்

மூன்று விஷயங்கள்: வெப்பம், வெளிச்சம், நிலை. 10 முதல் 14 டிகிரி செல்சியஸ் நல்லது, அதுவும் ஏற்ற இறக்கம் இல்லாமல். பழசாக்கும் வேதிமாற்றங்கள் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்கு வேகமெடுக்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வீட்டு அலமாரியில் 30 டிகிரிக்கு மேல் ஓராண்டு கிடந்த பாட்டில், நிலவறையில் பல ஆண்டு இருந்ததற்குச் சமமான வயதை அடைந்துவிடும். ஆனால் அதே சுவையை அடையாது. சூட்டில் எல்லா மாற்றமும் ஒரே விகிதத்தில் வேகமெடுப்பதில்லை, அட்டை வாடையும் சோயாவும் முந்திக்கொண்டு வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலுக்கு நல்ல இடம் வேறு இல்லையென்றால் குளிர்பதனப் பெட்டியிலேயே வையுங்கள். 4 டிகிரியில் மெதுவாகத்தான் பழசாகும், கெடாது.

வெளிச்சம் படவே கூடாது. பழுப்புக் கண்ணாடி ஓரளவே காக்கும். வெயில் பட்ட பீரில் ஹாப்பிலிருந்து கந்தகம் கலந்த ஒரு நாற்றம் எழும், அதற்கு மருந்தில்லை.

பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். ஒயினைப் போலப் படுக்க வைத்தால் மண்டி பக்கவாட்டில் படிந்து, ஊற்றும்போது முழுக்கக் கலங்கிவிடும். கார்க் போட்ட 750 மில்லி பாட்டிலைப் படுக்க வைக்கலாமா என்று வாதம் நடப்பதுண்டு. சில ஆண்டு வைப்பதற்கு நிமிர்ந்த நிலையே போதும்.

பெரிய பாட்டில் மெதுவாகப் பழசாகும். உள்ளே வரும் காற்று அதிக பீருக்குப் பங்காகிறது, அவ்வளவுதான். ஷிமேயின் 750 மில்லி கிரான் ரிசர்வ் லேபிளிலேயே ஆண்டு அச்சிட்டிருக்கும் என்பதால் தொடங்குபவர்களுக்கு அது வசதி. மெகெலன் நகரின் ஹெட் ஆங்கர் ஆலை, பேரரசர் ஐந்தாம் சார்லஸின் பிறந்தநாளான பிப்ரவரி 24-ல் காய்ச்சும் கௌடன் கரோலஸ் ஏலும் இப்படி ஆண்டு பார்த்து வாங்கக்கூடியது. மற்றவற்றில் ‘இதற்குள் குடிக்கவும்’ தேதிதான் இருக்கும். அது அடைத்த தேதி இல்லை, பல ஆண்டு முன்தள்ளிப் போட்டது. ஆலை எத்தனை ஆண்டு கொடுக்கிறது என்று தெரிந்துகொண்டு பின்னோக்கிக் கழித்தால்தான் வயது வரும். வாங்கும் நாளிலேயே ஒரு சின்னக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பழைய பாட்டிலைக் கடையில் வாங்கும்போது கழுத்தில் பீரின் மட்டத்தைப் பாருங்கள். பக்கத்துப் பாட்டிலைவிட இறங்கியிருந்தால் மூடி கசிகிறது. மூடியின் ஓரத்தில் துரு, கார்க்கின் கம்பிக்குக் கீழே பிசுபிசுப்பு இரண்டும் அதே செய்திதான்.

திறப்பதும் ஊற்றுவதும்

இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி, அசைக்காமல் வைத்துவிடுங்கள். குடிக்கும் நேரத்தில் 10 முதல் 14 டிகிரி இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த 4 டிகிரி பாட்டிலுக்கு, அறைச் சூட்டைப் பொறுத்து, அரை மணி நேரம் வரை வெளியே இருக்கக் கொடுங்கள். சில்லென்று குடித்தால் பழசானதால் வந்த மணங்கள் ஒன்றும் எழாது; காசு கொடுத்து வாங்கியது அவற்றைத்தான்.

அகன்ற வாயும் தண்டும் உள்ள கிண்ணக் கோப்பைதான் மடத்து ஏல்களின் வழக்கம். முகர்வதற்கு வாய் சற்றுக் குறுகிய டியூலிப் வடிவம் இன்னும் நல்லது. இரண்டும் இல்லையென்றால் சிவப்பு ஒயின் கிளாஸ் தாராளமாகப் போதும். சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ மட்டும் இருக்கக் கூடாது. இருந்தால் நுரை நிற்காது, குற்றத்தைப் பாட்டிலின் மேல் போடுவோம்.

கார்க் பாட்டிலில் கம்பியைக் கழற்றியதும் கட்டைவிரல் கார்க்கின் மேலேயே இருக்கட்டும். பாட்டிலைச் சாய்த்து, கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மெல்லத் திருப்புங்கள். பல ஆண்டுக் கார்க் காய்ந்து பாதியில் ஒடிவது சகஜம். அப்போது கார்க் திருகியைப் போட்டு, மேலே துணியால் மூடிக்கொண்டு நிதானமாக இழுங்கள். உள்ளே அழுத்தம் இன்னும் இருக்கும்.

ஊற்றுவது ஒரே மூச்சில் நடக்க வேண்டும். சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் மண்டி எழும். பலருக்குப் பங்கிடுவதானால் கிளாஸ்களை ஒட்டி வரிசையாக வைத்து, பாட்டிலை நிமிர்த்தாமல் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்த்துங்கள். 330 மில்லி பாட்டிலை நான்கு பேருக்கு 75 மில்லி வீதம் ஊற்றினால் 30 மில்லி அடியில் நிற்கும். கழுத்தருகே கலங்கல் வரும்போது நிறுத்துங்கள். புதுப் பாட்டிலின் மண்டியைச் சிலர் விரும்பிக் குடிப்பார்கள். பழைய பாட்டிலின் மண்டி சோயாவும் ரப்பருமாக இருக்கும், அதைக் கிளாஸில் சேர்க்காதீர்கள்.

மூக்கும் நாக்கும்

ஊற்றிய உடனே முகருங்கள். எளிதில் ஆவியாகும் மணங்கள் முதல் நிமிடத்திலேயே போய்விடும். கந்தக வாடை லேசாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஐந்து நிமிடத்தில் கலைந்துவிடும். பிறகு கிளாஸைச் சுழற்றி, ஆழமாக இழுக்காமல், குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று முறை முகருங்கள். ஒரே தடவை நீளமாக இழுத்தால் ஆல்கஹால் மூக்கை மரக்கச் செய்துவிடும்.

முதல் மிடறை வைத்து ஒன்றும் தீர்மானிக்காதீர்கள், அது வாயைப் பழக்குவதற்கு. இரண்டாவதை நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்கி, வாயை மூடியபடி மூக்கு வழியே மூச்சை விடுங்கள். பேரீச்சை, கருப்பட்டி, சாக்லேட், வெந்தயம் எல்லாம் தெளிவாகத் தெரிவது அந்த மூச்சில்தான். விழுங்கிய பின் என்ன மிஞ்சுகிறது என்பதையும் கவனியுங்கள். நன்றாகப் பழசான ஏல் இனிப்பில் தொடங்கினாலும் உலர்ந்து முடியும். திகட்டலாக நாக்கில் தங்கினால் ஏதோ சமநிலை குலைந்திருக்கிறது. கிளாஸை இருபது நிமிடம் கையிலேயே வைத்து, 18 டிகிரி வரை ஏறவிட்டு மறுபடி சுவையுங்கள். நல்ல பாட்டில் அப்போதுதான் விரியும். குறை உள்ள பாட்டிலின் குறையும் அப்போதுதான் அம்பலமாகும்.

எதைக் குறை என்பது? நனைந்த அட்டை, பழைய காகித வாடை மேலோங்கினால் பாட்டில் சூட்டில் கிடந்திருக்கிறது, அல்லது அடைக்கும்போதே காற்று அதிகம் போயிருக்கிறது. வினிகர்ப் புளிப்பு, அதோடு மூடியைத் திறந்ததும் பொங்கி வழிவது, இரண்டும் சேர்ந்தால் வேண்டாத நுண்ணுயிர் புகுந்திருக்கிறது. பொங்கி வழிவது மட்டும் இருந்தால் பாட்டில் சூடாகவோ குலுங்கியோ இருந்திருக்கலாம். குதிரைத் தோல், கொட்டில் வாடை பிரெட்டனோமைசெஸ் என்ற காட்டு ஈஸ்ட்டின் வேலை. ஆர்வல் மடத்து ஏலில் அதை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், ஆனால் அது கறுப்பு ஏல் இல்லை. ரோஷ்ஃபோரிலோ ஷிமேயிலோ அது வந்தால் விபத்து. நுரை குறைவதையும், பொடிப்பொடியாகத் துகள் மிதப்பதையும் மட்டும் வைத்துப் பாட்டிலைத் தள்ளிவிடாதீர்கள். இரண்டும் வயதோடு வருபவை, குடிக்கத் தடையில்லை.

பக்கத்தில் பக்கத்தில் வைத்து

பழகுவதற்கு மிகச் சிறந்த வழி, ஒரே பீரின் மூன்று வயதுகளை ஒரே நேரத்தில் ஊற்றுவது: இந்த ஆண்டினது, இரண்டாண்டு, ஐந்தாண்டு. புதியதில் தொடங்கிப் பழையதற்குப் போங்கள், பிறகு திரும்பிப் புதியதற்கு வாருங்கள். அந்தத் திரும்பல் முக்கியம். ஐந்தாண்டுப் பாட்டிலுக்குப் பின் புதியதைத் தொட்டால்தான் வாழைப்பழமும் கிராம்பும் எவ்வளவு உரக்க இருந்தன என்று உறைக்கும். எது எந்த ஆண்டு என்பதை ஊற்றுபவர் மட்டும் கிளாஸின் அடியில் எழுதி வைத்தால் இன்னும் நேர்மையான சோதனை. வயது தெரிந்தாலே நாக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடும்.

இடையில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் போதும். சுவைத்து முடித்த பிறகு, முற்றிய கௌடாச் சீஸ் இவற்றோடு நன்றாகப் போகும். காரம் மட்டும் கிட்ட வரக் கூடாது. ஆல்கஹாலும் மிளகாயும் ஒன்றையொன்று தூண்டிவிடும், மீதியெல்லாம் மறைந்துபோகும்.

அளவிலும் கவனம் வேண்டும். 75 மில்லி வீதம் மூன்று கிளாஸ் என்றால் 225 மில்லிதான். ஆனால் 10 சதவீத ஏலில் அது 5 சதவீத லாகர் 450 மில்லிக்குச் சமம். ஒரு முழு 330 மில்லி பாட்டில் 660 மில்லி லாகருக்குச் சமம். வண்டி ஓட்ட வேண்டிய நாளுக்கான விளையாட்டில்லை இது.

மூன்று வயதுகள் கடையில் ஒருசேரக் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அவை எப்படி வைக்கப்பட்டிருந்தன என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே நீங்களே தொடங்குங்கள். ஒரே தேதியிட்ட ஆறு பாட்டில் வாங்குங்கள். ஒன்றை அந்த வாரமே குடித்து, முகர்ந்தது, சுவைத்தது, நுரை நின்ற நேரம் என நாலு வரி எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒன்று திறந்து, பழைய குறிப்பைப் பார்க்காமல் புதுக் குறிப்பு எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். கூடவே ஒரு புதுப் பாட்டிலும் வாங்கித் திறந்தால் இன்னும் துல்லியம். முந்தின ஆண்டைவிட இந்த ஆண்டு மங்கியிருக்கிறது என்று தோன்றினால், மீதி இருப்பதை இன்னும் காத்து வைக்காமல் அடுத்த சில மாதங்களில் முடித்துவிடுங்கள். இறங்க ஆரம்பித்த பீர் மறுபடி ஏறாது.